காய்ந்தால் தெரிகிற வெள்ளை

"இந்தக் கறுப்பை ஒருக்காச் சுரண்டி விடும் பிள்ளை. பேரப்பிள்ளை முதல்முதல் பாக்கிற முகத்திலை உது கிடக்கக் கூடாது."

"அது கறுப்பில்லை அம்மா. வெத்திலைக் கறை."

"கறையெண்டாலும் கறுப்புத்தானே?"

"நிறம் கறுப்புத்தான். ஆனா பல்லுக்கு ஒண்டுமில்லை. பாருங்கோ, எப்பிடி மினுங்குது. கறைக்குக் கீழை பல்லு கல்லு மாதிரி இருக்கு."

"அப்ப பிடுங்க மாட்டீரோ?"

"நல்ல பல்லை ஏன் அம்மா பிடுங்குவான்?"

"வந்ததுக்கு ஏதாவது செய்ய வேணுமே!"

இந்தப் பேச்சுக்கெல்லாம் காரணமான பல் யாகப்புவின் வாயில் இருந்தது. ஆனால் அதைப் பற்றி ஒரு சொல் சொல்லும் நிலையில் அவர் இல்லை. மெலிஞ்சிமுனைக் கோயில் மண்டபத்தில், மாதம் ஒருமுறை வருகிற பல் கிளினிக்கின் மடக்குக் கதிரையில், வாயை அகலத் திறந்தபடி மல்லாந்து கிடந்தார். தவக்காலம் முடிகிற நாட்கள். வழக்கப்படி மூலையில் நின்ற மாதா சுரூபத்தையும் ஊதாத் துணியால் மூடியிருந்தார்கள். யாகப்பு படுத்திருந்த கோணத்தில் அந்தத் துணிதான் கண்ணுக்கு நேரே தெரிந்தது. ஊரே தன் வாய்க்குள் எட்டிப் பார்க்கிற நேரத்தில் மாதாவாவது பார்க்காமல் இருக்கிறாவே என்று அவர் ஆறுதல்பட்டுக்கொண்டார்.

அவருடைய வாய்க்காக வாதாடிக்கொண்டிருந்தவர் அவர் மனைவி அந்தோனியம்மா. பதில் சொல்லிக்கொண்டிருந்தவள் பவதாரணி, புளியங்கூடலைச் சேர்ந்த பல் வைத்தியர். வேலைக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. அதற்குள் இந்தத் தீவுகளில் எல்லாருக்கும் கறுப்பின் மேல் ஒரு கோபம் இருப்பதை அவள் கண்டுபிடித்திருந்தாள். கறுத்த பல்லைக் காட்டிப் பிடுங்கச் சொல்வார்கள். பிடுங்கி வெள்ளைத்தாளில் சுற்றிக் கொடுத்தால் நல்ல மீன் வாங்கியவர்களைப்போல முகம் மலர்ந்து போவார்கள். "ஒன்றுமில்லை, போய் வாருங்கோ" என்றால் ஏமாற்றப்பட்டதுபோல வாங்குப் பலகையிலேயே கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் எழும்புவார்கள்.

"அக்கா, பேசாமல் அவரை முழுசாப் பிடுங்கச் சொல்லுங்கோ" என்றார் வாங்கில் இருந்த இராசநாயகம். யாகப்புவின் படகில் அவரோடு மீன்பிடிக்கப் போகிறவர். உண்மையாகவே பல்வலியோடு வந்திருந்தவர் அவர் ஒருவர்தான். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. மற்றக் கன்னத்தால் கதைத்தார்.

"உமக்குப் பிறகு இருக்கு இராசநாயகம். அப்ப நான் சிரிக்கிறன்" என்றார் அந்தோனியம்மா.

"இன்னும் முடியேல்லை அம்மா" என்றாள் பவதாரணி. "உள்ளையும் பாக்க வேணும். நிமலினி, லைற்றைக் கொஞ்சம் கிட்டப் பிடியும்."

உதவிக்கு வந்திருந்த நிமலினி விளக்கைச் சாய்த்தாள். பவதாரணி பஞ்சால் பற்களை ஒற்றித் துடைத்தாள். பிறகு சின்னக் குழாயால் காற்றை ஊதினாள். யாகப்பு கண்களைச் சுருக்கினார். சோளகக் காற்று வாய்க்குள் புகுந்ததுபோல இருந்தது அவருக்கு.

பல் ஈரமாக இருக்கும்போது எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். பழுது தொடங்குகிற இடம் எச்சிலுக்குள் ஒளிந்துகொள்ளும். காய வைத்தால்தான் அது வெளியே வரும். மழைத் தண்ணீர் நிற்கும்வரை கண்ணாடிபோல இருக்கிற தரவை நிலம், வெயில் ஏறித் தண்ணீர் வற்றியதும் உப்புப் பூத்துக் கிடக்குமே, அப்படி.

பூத்திருந்தது. மேலே, இடது பக்கக் கடைவாய்ப் பற்களில், கன்னத்தைப் பார்த்த பக்கம், முரசுச் சதைக்கு ஓரமாக ஒரு வெள்ளைக் கோடு. பல்லின் வெள்ளை இல்லை. மினுக்கம் செத்த, சுண்ணாம்பு தடவியதுபோன்ற வெள்ளை. அவள் வலது பக்கத்துக்குப் போனாள். துடைத்தாள், ஊதினாள். அங்கே பல் பளபளவென்று சிரித்தது. மறுபடியும் இடது பக்கம் வந்து, கூர் இல்லாத கம்பியால் அந்தக் கோட்டை மெல்லத் தடவினாள். மேற்பரப்பு உடையவில்லை. ஓட்டை இல்லை.

"என்ன பிள்ளை, கண்டிட்டீரோ?" அந்தோனியம்மாவின் குரலில் ஒரு நம்பிக்கை.

"ஓம் அம்மா. பல்லிலை சூத்தை துவங்குது. இந்த வெள்ளைதான்."

"வெள்ளையோ?" அந்தோனியம்மா குனிந்து பார்த்தார். "கறுப்பு நல்லதாம், வெள்ளை வருத்தமாம். நல்ல படிப்புத்தான்."

நிமலினி வாயை மூடிக் கொடுப்புக்குள் சிரித்தாள்.

"துவங்கேக்கை வெள்ளைதான் அம்மா. இதை விட்டால்தான் பேந்து மண்ணிறமாகி ஓட்டை விழும். இப்ப கண்டபடியால் பல்லைத் திருப்பி எடுக்கலாம்." பவதாரணி யாகப்புவின் முகத்துக்கு நேரே குனிந்தாள். "ஆனா ஒரு பக்கத்திலை மட்டும் ஏன் வந்தது எண்டுதான் யோசிக்கிறன். ஐயா, இடப்பக்கக் கன்னக் கொடுப்புக்குள்ளை இனிப்பு ஏதும் வைச்சிருக்கிறனீங்களோ?"

யாகப்புவின் கால் பெருவிரல்கள் இரண்டும் நிமிர்ந்தன.

"இனிப்போ!" அந்தோனியம்மா நெஞ்சில் கை வைத்தார். "பிள்ளை, உமக்கு விசயம் தெரியாது. தேத்தண்ணிக்கு மூண்டு கரண்டி சீனி போடுற மனுசன் இது. விபூதிப் புதன் தொட்டு இண்டைவரைக்கும் ஒரு குறுணி சீனி தொடேல்லை. எங்கட மகள் கிறிஸ்ரினாவுக்காக நேர்த்தி. போன முறை அவளுக்குப் பிள்ளை தங்கேல்லை." குரல் ஒரு படி இறங்கியது. "இந்த முறை மாதம் நிறைஞ்சு பெரியாஸ்பத்திரியிலை கிடக்கிறாள். அவளின்ர மாமிக்காரி கூட நிக்கிறா. நாங்களும் பின்னேர பஸ்சிலை போறம். பிள்ளை நல்லபடி கைக்கு வருமட்டும் சீனி தொட மாட்டன் எண்டு மாதாவுக்கு முன்னாலை நிண்டு சொன்னவர். நான் ஊர் முழுக்கச் சொல்லி வைச்சிருக்கிறன். பாதரே பிரசங்கத்திலை பேர் சொல்லாமல் சொன்னவர்."

வாங்கில் இராசநாயகத்துக்குத் திடீரென்று இருமல் வந்தது. வீங்கிய கன்னத்தோடு இருமுவது சுலபம் இல்லை. ஆனாலும் விடாமல் இருமினார்.

பவதாரணி யாகப்புவைப் பார்த்தாள். வாயை மூட முடியாத மனிதர் கண்களை மூடிக்கொண்டார்.

அந்த நேரத்தில் அந்தோனியம்மாவின் கைபேசி அடித்தது. மருமகன் டிலோன். மண்டபத்துக்குள் சிக்னல் வந்து வந்து அறும். அவர் "ஹலோ, ஹலோ, தம்பி கேக்குதோ" என்று கத்திக்கொண்டே வாசலைத் தாண்டிக் கொடிக்கம்பத்தடிக்கு ஓடினார்.

பவதாரணி கண்ணாடியை வெளியே எடுத்தாள்.

"எப்ப தொட்டு ஐயா?"

"எது பிள்ளை?"

"பனங்கட்டி."

யாகப்பு தலையைத் திருப்பி வாங்கைப் பார்த்தார். இராசநாயகம் மண்டபத்தின் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார். "நான் வாயே திறக்கேல்லை" என்றார் கூரையிடம்.

"அவர் சொல்லேல்லை ஐயா. உங்கட பல்லுச் சொல்லுது. டொபியெண்டால் ரெண்டு பக்கமும் உருட்டிக் கடிச்சு முடிச்சிருப்பியள். ஒரு துண்டைக் கொடுப்பிலை ஒதுக்கி வைச்சுக்கொண்டு வெறுந்தேத்தண்ணியை உறிஞ்சுறது எங்கட ஆக்கள்தான். எங்கட அப்பாவுக்கும் இதே வெள்ளை இருந்தது. அவருக்கு வலப்பக்கம்."

யாகப்பு எழும்பி உட்கார்ந்தார். துவாயால் வாயைத் துடைத்தார். துடைத்து முடித்தபின்னும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கடலிலை விடியுமட்டும் கிடக்க வேணும் பிள்ளை. சுடுதண்ணிப் போத்திலுக்குள்ளை சீனி இல்லாத தேத்தண்ணி. முதல் நாள் குடிச்சன். கசாயம் மாதிரிக் கிடந்தது. அடுத்த நாள் இராசநாயகம் பனங்கட்டி இருந்த ஓலைக் குட்டானை நீட்டினவன்."

"இப்ப நான் வந்திட்டனோ இதுக்குள்ளை!" என்றார் இராசநாயகம்.

"நான் சீனி எண்டுதானே பிள்ளை நேர்ந்தனான்? பனங்கட்டி எண்டு சொல்லேல்லையே. அது கடைச் சாமானில்லை. மரத்திலையிருந்து வாறது. குருத்தோலைச் சிலுவையும் அதே மரத்திலைதான் பின்னுறம். மாதாவுக்கு வித்தியாசம் தெரியும்."

"மாதாவுக்குத் தெரியும். பல்லுக்குத் தெரியாதே ஐயா."

யாகப்பு நாக்கால் இடப்பக்கக் கடைவாயைத் தடவிப் பார்த்தார்.

"பல்லிலை ஒட்டிக் கிடக்கிற கிருமி உது பனையிலை வந்ததோ கரும்பிலை வந்ததோ எண்டு கேக்காது. இனிப்பைத் திண்டு புளிப்பை விடும். அந்தப் புளிப்புத்தான் பல்லை அரிக்கிறது. சீனியைக் கரைச்சுக் குடிச்சிருந்தால் மிடறோடை உள்ளை போயிருக்கும். நீங்கள் வலை விட்ட நேரம் தொட்டு இழுக்கிற மட்டும் ஊறப் போட்டிருக்கிறியள்."

"அப்ப சீனியே திறமோ?" யாகப்புவின் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"இல்லை ஐயா. ரெண்டையும் கொடுப்பிலை ஊறப் போட வேண்டாம்."

வெளிச்சம் அணைந்தது.

"இப்ப துளைக்கிற வேலையில்லை. மேலை ஒரு பூச்சுப் பூசி விடுறன். ராவிலை படுக்கேக்கை முரசோரமாப் பல்லை வடிவா மினுக்குங்கோ. பனங்கட்டியை விடுங்கோ. அந்த வெள்ளை மெல்ல மெல்ல இறுகி மினுங்கத் துவங்கும். வந்த கையோடை பிடிச்சதாலைதான் இவ்வளவு லேசு."

"அப்ப…" யாகப்பு வாசலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அவவுக்குத் தெரியாமலே சுகப்படுத்தலாம்?"

"பல்லைச் சுகப்படுத்தலாம்" என்றாள் பவதாரணி. "குசினியிலை பனங்கட்டிப் போத்திலை உங்களுக்கு எட்டாமல் ஒளிக்க ஒரு ஆள் வேணுமே. அதுக்கு நான் வர ஏலாது."

நிமலினி இந்த முறை வெளியே கேட்கச் சிரித்துவிட்டாள். யாகப்புவும் சிரித்தார். சிரிக்கும்போது அந்த முன்பல் கறை அவருக்கு அழகாகத்தான் இருந்தது. பவதாரணி அவரை மறுபடி படுக்க வைத்து, பற்களைக் காய வைத்து, பூச்சை எடுக்கத் திரும்பினாள்.

அந்தோனியம்மா ஓடி வந்தார். செருப்பு ஒன்று வாசலில் கழன்று கிடந்தது, அவர் கவனிக்கவில்லை.

"கிறிஸ்ரினாவை லேபர் ரூமுக்குள்ளை கொண்டு போயிட்டினமாம். பிள்ளைக் குத்துத் துவங்கி ஒரு மணித்தியாலமாம். டிலோன் அழுறான். மாமிக்காரி போனை வாங்கிக் கதைக்கிறா, ஒண்டும் விளங்கேல்லை."

வாங்கில் இருந்த எல்லாரும் எழும்பினார்கள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். அவர் அதை வாங்கவில்லை. நேரே மூலைக்குப் போய், ஊதாத் துணிக்கு முன்னால் முழங்காலில் நின்றார்.

"மாதாவே, எங்களிட்டை வேறை ஒண்டுமில்லை. இந்த மனுசன்ர வாயைப் பார். ஒரு குறுணி படேல்லை. இந்த வாய்க்காக எண்டாலும் என்ர பிள்ளையையும் அவளின்ர பிள்ளையையும் தா."

திறந்த வாயோடு படுத்திருந்த யாகப்பு அதைக் கேட்டார். பவதாரணி பூச்சுத் தூரிகையோடு திரும்பியபோது கதிரையில் அவர் இல்லை. இறங்கி நின்றார்.

"அந்தோனி, நிப்பாட்டு. அப்பிடிக் கேளாதை."

அவர் சட்டைப்பைக்குள் கைவிட்டுச் சின்ன ஓலைக் குட்டான் ஒன்றை எடுத்தார். மூடி கிழிந்திருந்தது. பாதிதான் மிச்சம். மனைவியின் கையில் அதை வைத்தார்.

"கடலிலை வைச்சுத் தின்னுறனான். ஒவ்வொரு நாளும். சீனியில்லைத்தானே எண்டு நினைச்சன். இந்தப் பிள்ளை பல்லிலை கண்டிட்டுது. பல்லுக்கு ரெண்டும் ஒண்டாம்."

அந்தோனியம்மா குட்டானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தார். முகத்தில் முதலில் கோபம்தான் வந்தது.

"நான் பாதருக்கெல்லாம் சொன்னனான்."

"தெரியும்."

"கோயில் உபதேசியார் பெண்சாதி என்னைக் கண்டால் எழும்பி நிக்கிறா."

"தெரியுமடி."

"தெரிஞ்சுகொண்டே கொடுப்புக்குள்ளை அதக்கிக்கொண்டு இருந்திருக்கிறியள்!"

"அக்கா, ஒரு கதைக்குச் சொல்லுறன்" என்று இராசநாயகம் வாங்கிலிருந்து ஒரு அடி முன்னால் வந்தார். "பனங்கட்டியைச் சீனியெண்டு ஆர் சொல்லுறது? கடையிலை ரெண்டும் வேறை வேறைச் சாக்கிலைதானே கிடக்கு?"

"நீர் வாயை மூடும். குட்டான் நீட்டின கை உம்மட கையாத்தான் இருக்கும்."

இராசநாயகம் அந்த ஒரு அடியைத் திருப்பி எடுத்தார்.

அந்தோனியம்மா எழும்பினார். கோபம் நின்ற இடத்தில் இப்போது பயம் வந்திருந்தது. கையிலிருந்த கைபேசியைப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. உள்ளே சிக்னல் நிற்காது என்பது நினைவு வந்து வாசலைப் பார்த்தார். ஆனால் போகவில்லை. ஊதாத் துணியைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். வெட்கத்தோடு வாயை இறுக மூடி நின்ற அவருடைய இடது கன்னத்தைப் பார்த்தார்.

"பல்லுக்கு ஒண்டெண்டால், மாதாவுக்கும்…" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

பிறகு மெல்ல நடந்து கதிரைக்குக் கிட்ட வந்தார். பவதாரணியின் கையில் தூரிகை அப்படியே இருந்தது. பூச்சு அதன் நுனியில் காயத் தொடங்கியிருந்தது. அந்தோனியம்மா குட்டானை அவள் முன்னால் தட்டில், கண்ணாடிக்கும் கம்பிக்கும் நடுவில் வைத்தார். அவளுடைய மற்றக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, நீர் படிச்சனீர். உமக்குத்தான் தெரியும். என்ர முகத்தைப் பாத்து, பனங்கட்டி சீனியில்லை எண்டு ஒருக்காச் சொல்லுமன்."