நிரம்பிய கிண்ணம்

"என் மாத்திரை எங்க அத்தே?"

"அடுப்புல போட்டு எரிச்சுட்டேன்." மாமியார் சபோஹத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எம் பொண்ணுக்குச் சம்பந்தம் பேச வர்ற நேரத்துல பைத்தியக்கார மாத்திரை வீட்டுல கெடக்கணுமா?"

முப்பது மணி நேரம் மர்கிலான் நகரப் பிரசவ ஆஸ்பத்திரியில் நின்றுவிட்டு வந்திருந்தாள் டாக்டர் நசிபா. அந்த மாத்திரையால்தான் மூன்று மாதமாகக் கை நடுங்காமல் இருந்தது. சாக வேண்டும் என்ற நினைப்பும் விட்டிருந்தது.

"மறுபடி வாங்கிக்கிறேன்."

"வாங்கித்தான் பாரேன். அரசாங்க மனநோய்ப் பதிவேட்டுல நம்ம பேர் ஏறினா அன்னிக்கே உன்னை உங்கப்பன் வீட்டுல தள்ளிடுவேன். போ, முக்காடு போடு. டீயப் பாதிக் கிண்ணம்தான் ஊத்தணும். நிரப்பினா எழுந்து போன்னு அர்த்தம். படிச்சவளுக்கு இதையும் நான்தான் சொல்லணும்!"

ஊருக்கெல்லாம் பிரசவம் பார்ப்பவள், முக்காடு போட்டுக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் தாய் முனிரா வந்து உட்கார்ந்ததுமே கையை நீட்டினாள். "பிரஷர் பாரும்மா."

நசிபா பார்த்தாள். "அதிகமா இருக்கு. மாத்திரை எழுதித் தரேன். ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது."

"டாக்டர் சொன்னா கேக்கணும்" என்றாள் சபோஹத், பெருமை பொங்க.

முனிரா ரொட்டியைப் பிய்த்தாள். "உங்க ஆஸ்பத்திரி டாக்டர் ஒருத்தி தன்னையே முடிச்சுக்கிட்டாளாமே?"

"ஸமிராவா? எல்லாம் கொழுப்பு!" சபோஹத் முந்திக்கொண்டாள். "ஒழுங்கா முற்றம் பெருக்கியிருந்தா அந்த நெனப்பு வருமா?"

ஸமிரா நசிபாவின் தோழி. தினமும் விடியலில் முற்றம் பெருக்கிவிட்டுத்தான் வேலைக்கு வருவாள். அவள் வீட்டிலும் முதலில் மாத்திரையைத்தான் தூக்கி எறிந்தார்கள்.

அவள் ஒரு கிண்ணத்தை எடுத்து விளிம்புவரை ஊற்றினாள். சபோஹத்தின் முகம் வெளுத்தது.

"அடியே! யாரைப் போகச் சொல்ற?"

"பயப்படாதீங்க அத்தே. இது எனக்கு."

நின்றபடியே குடித்து முடித்தாள். முக்காட்டை அவிழ்த்து மடித்து மாமியாரின் மடியில் வைத்தாள். "மருந்துக்கடைக்குப் போறேன். அங்கேருந்து எங்கப்பா வீட்டுக்கு. பதிவேட்டுல என் பேர் ஏறட்டும், உயிரோட ஏறட்டும்."

அவள் வாசலைத் தாண்டும்போதுதான் முனிரா பதறி எழுந்தாள்.

"அம்மாடி, நில்லு! எனக்கு மாத்திரை எழுதிக் குடுத்துட்டுப் போ!"