நிமிடத்துக்கு ஐந்து

மாலை ஆறு பத்து. மேற்கே மேகம் திரண்டதில் சூரிய மின்தகடுகள் இன்று அரை மணி முன்பே கையை விரித்துவிட்டன.

மின்பகிர்வு மையத்தின் பொது லைனில் குரல் வந்தது. எல்லா நிலையங்களும் கேட்கும் லைன். பேசியது அவன் மனைவி; எந்த நிலையம் எப்போது எவ்வளவு மின்சாரம் தர வேண்டும் என்று அங்கிருந்து சொல்பவள்.

“பேட்டரி, எவ்வளவு இருக்கு?”

அவன் நிலக்கரி மின்நிலையத்தில் ஷிப்ட் பொறியாளர். முதல் யூனிட்டை மூடி ஓராண்டாகிறது. இரண்டாவதற்கு மார்ச்சில் நாள் குறித்தாயிற்று. பன்னிரண்டு ஆண்டுகளாக மாலையில் அவள் முதலில் கூப்பிட்டது அவனைத்தான். அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டுத்தான் பெண் கேட்டுப் போனான். நான்கு மாதங்களாக முதல் அழைப்பு, புதிதாக வந்த பேட்டரி நிலையத்துப் பேட்டரிக்காரனுக்கு.

“அறுபது மெகாவாட், ஒரு மணி நேரம் தாங்கும் மேடம். நீங்க சொன்ன அடுத்த நொடி.”

அடுத்த நொடி. அங்கே தண்ணீர் கொதிக்க வேண்டாம், கரி அரைக்க வேண்டாம். வேலிக்குள் வரிசையாக வெள்ளைப் பெட்டிகள். பகலில் வாங்கி வைத்ததை மாலையில் கொடுப்பதுதான் வேலை.

“ரெண்டாம் யூனிட், எனக்கு இன்னும் நூறு வேணும். நிமிஷத்துக்கு எத்தனை மெகாவாட் ஏத்துவீங்க? காலையில ரெண்டுன்னு எழுதியிருக்கீங்க.”

இரண்டுதான். கரி அரைக்கும் நான்கு மில்களில் ஒன்று பிரித்துப் போட்டபடி கிடந்தது.

அவன் வாயைத் திறப்பதற்குள் பேட்டரிக்காரன் புகுந்தான்.

“அண்ணன் மூட்டுவலித் தைலம் எல்லாம் தேய்ச்சுக்கிட்டு மெதுவா எந்திரிச்சு வரட்டும் மேடம். அதுவரைக்கும் நான் இருக்கேன்ல.”

அவள் சிரித்தாள். சின்னச் சிரிப்பு. உடனே அடக்கிக்கொண்டாள். வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு நாளாகிறது.

“அஞ்சு,” என்றான்.

“அஞ்சா? மில்லு?”

“சரி பண்ணியாச்சு.”

லைனில் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது.

“சரி. இருபது நிமிஷத்துல நூறு. பேட்டரி, ஏழு மணிக்கு லோடு கூடும்போது நீங்க வேணும். இப்போ தொடாதீங்க.”

“சரிங்க மேடம்.”

பேட்டரிக்காரனின் குரல் இறங்கியிருந்தது. இவனுக்கு அது போதுமாக இருந்தது.

பக்கத்து இருக்கையிலிருந்து, பாய்லரைக் கவனிக்கும் ஆபரேட்டர், எல்லோரும் ‘நெட்டை’ என்று கூப்பிடுபவர், திரும்பிப் பார்த்தார்.

“எந்த மில்லு சார் சரியாச்சு? எனக்குச் சொல்லாம அதுவே எந்திரிச்சு ஓடுதா?”

“ஏத்துங்க.”

“என்னையும் சேர்த்து உலைக்குள்ள தள்ளினாலும் ரெண்டுக்கு மேல வராது சார்.”

“ஏத்துங்கன்னேன்.”

நீராவி வால்வை அகலத் திறந்தார்கள். முதல் எட்டு நிமிடம் ஐந்து ஐந்தாகவே ஏறியது. பிறகு கரி போதாமல் பாய்லரில் அழுத்தம் விழத் தொடங்கியது. நெட்டை கையைக் கட்டிக்கொண்டார்.

“ரெண்டாம் யூனிட், முப்பத்தெட்டுல நிக்குது,” என்றாள் லைனில்.

“ஏறிட்டிருக்கு.”

“இப்போ முப்பத்தஞ்சு.”

“ஏறும்.”

ஆறு முப்பத்தொன்றுக்குப் பாதுகாப்பு அமைப்பு யூனிட்டையே நிறுத்திவிட்டது. டர்பைனின் இரைச்சல் மெல்ல இறங்குவதை எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவள் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. பேட்டரியைக் கூப்பிட்டாள். அறுபதும் வந்தது. போதவில்லை. கிழக்கு வட்டத்துக்குப் போகும் மின்சாரத்தை வெட்டினாள். பக்கத்து வட்டாரத்திலிருந்து மின்சாரம் வாங்கும்வரை இருபத்தாறு நிமிடம், நாற்பதாயிரம் வீடுகள் இருட்டில். லைனில் யாரும் கேலி பேசவில்லை. பேட்டரிக்காரன்கூட.

எட்டரைக்கு அவள் வீட்டுக்கு வந்தாள். அவன் சோறு வைத்து, தட்டுகளைக் கழுவி மேசையில் போட்டிருந்தான். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“மில்லுல வந்து...” என்று ஆரம்பித்தான்.

“வேண்டாம்.”

தண்ணீரை நகர்த்தி வைத்தான். அவள் தொடவில்லை.

“அவன் தைலம்னான். நீ சிரிச்சே.”

“அதுக்கா?”

அவன் கழுவிய தட்டையே எடுத்து மறுபடி துடைத்தான்.

“நாளைக்கு விசாரணை வெச்சிருக்காங்க,” என்றாள். “என் திரையில மூணு மில்லுதான் ஓடுச்சு. நீங்க அஞ்சுன்னதும் பார்த்தேன். பார்த்துட்டுதான் உங்க பேச்சை எடுத்துக்கிட்டேன். ஏன்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்?”