பக்கத்தில்தானே அருவி

எங்கெங்கிருந்தோ ஆட்கள் ரயிலேறி வந்து பார்த்துவிட்டுப் போகிற அருவி அது. ஒன்றரை மணி நேரத் தொலைவில் குடியிருந்த அக்காவும் தம்பியும் நாற்பது வயதைத் தாண்டியும் அதைப் பார்த்ததில்லை. "பக்கத்துலதானே இருக்கு, எப்ப வேணா போய்க்கலாம்" என்றே காலம் ஓடிவிட்டது.

அக்கா சட்டைத் தொழிற்சாலையில் செக்கிங்கில் இருந்தவள். சாய்வு மேசையில் சட்டையை விரித்து, காலர், கை, பாக்கெட், கீழ்மடிப்பு என்று கண்ணை ஓட்டி, விட்டுப்போன தையலையும் பிசிறையும் பிடிப்பதுதான் வேலை. "இவ கண்ணுல மண்ணைத் தூவ முடியாது" என்று தையல்காரிகள் அலுத்துக்கொள்வார்கள். அப்பேர்ப்பட்டவள் சரியென்று தள்ளிவிட்ட சட்டைகள் திரும்பி வர ஆரம்பித்தன. மாலை மங்கலில் தொழிற்சாலைப் படியில் இரண்டு முறை விழுந்தாள். கண் டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். விழித்திரை ஓரத்திலிருந்து பட்டுப்போய்க்கொண்டே வருகிறது. முதலில் இருட்டில் தெரியாது, அப்புறம் பக்கவாட்டில் தெரியாது, கடைசியில் நடுவிலும் போய்விடும். மருந்து கிடையாது. குடும்பத்தில் வருகிற வியாதி, கூடப்பிறந்தவர்கள் கட்டாயம் காட்ட வேண்டும்.

தம்பி போய்க் காட்டிவிட்டு வந்தான். "எனக்கு ஒண்ணும் இல்லையாம்க்கா. கழுகுக் கண்ணாம்" என்றான். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அந்த வருஷத்தைத் தள்ளினாள்.

வேலை போனதும் தம்பி வீட்டுக்கு வந்துவிட்டாள். தம்பி பெண்டாட்டி நல்லவள், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அருவிப் பேச்சை எடுத்ததும் அவள்தான்.

"அண்ணி, கண்ணு இருக்கும்போதே அதையாவது பாத்துட்டு வந்துடுங்க. இவரைக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. இப்பல்லாம் வெயில் ஏறினப்புறம்தானே தொரை வேலைக்கே கிளம்புறார்."

விடியற்காலைப் பால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன், திடீரென்று அதை விட்டுவிட்டு மெத்தைக் கடை வேனுக்கு மாறியிருந்தான். சம்பளம் குறைவு. தூக்கத்தில் ருசி கண்டுவிட்டான் என்று அவள் குத்திக்காட்டுவாள். அவன் வாயே திறக்க மாட்டான்.

கடை விடுமுறை நாளில் முதலாளியிடம் கேட்டு வேனை எடுத்துக்கொண்டு இருவரும் கிளம்பினார்கள். தம்பி பெண்டாட்டிக்கு வேலை நாள், அவள் வரவில்லை.

அருவியின் சத்தம் வண்டி நிறுத்தும் இடத்திலேயே கேட்டது. தம்பி அவள் கையைப் பிடித்துக் கம்பித் தடுப்பு வரைக்கும் அழைத்துப் போனான். முகத்தில் சாரல் அடித்தது.

"எப்படிக்கா இருக்கு?"

வளையல் அளவு வட்டத்துக்குள்தான் இப்போது அவளுக்கு உலகம். அதற்குள் வெள்ளையாக ஏதோ விழுந்துகொண்டே இருந்தது. தலையை உயர்த்தினால் பாறை விளிம்பு தெரிந்தது, தண்ணீர் போய்விட்டது. தாழ்த்தினால் புகை மாதிரி நீர்த்தூள். இடமும் வலமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். துண்டு துண்டாய் வெட்டிப்போட்ட துணியை மனசுக்குள்ளேயே தைத்துச் சட்டையாக்குவது மாதிரி இருந்தது. ஒட்டவில்லை.

"கீழே வானவில் நிக்குது பாரு. இந்தா, நான் விரல் நீட்டுற இடத்துல."

விரல் தெரிந்தது. அதற்கு அப்பால் எதுவும் தெரியவில்லை.

"தெரியலடா. லேட்டா வந்துட்டோம்" என்றாள். அழவில்லை. அவன்தான் மூக்கை உறிஞ்சினான்.

திரும்பும்போது இடப்பக்கத்திலிருந்து ஓடிவந்த ஒரு குழந்தை அவன் காலில் மோதி விழுந்தது. "கண்ணு தெரியலையா?" என்று குழந்தையின் அம்மா கத்தினாள். டீக்கடையில் கடைக்காரர் டம்ளரைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். தம்பியின் கை மேசையைத் தடவிப்போய் டம்ளரைத் தட்டிவிட்டது. சூடான டீ அக்காவின் மடியில் கொட்டியது. அவள் துடைத்துக்கொண்டாள். அந்தத் தடவலின் சத்தம் அவளுக்குப் பழக்கமான சத்தம்.

"கிளம்பலாம்க்கா, நேரமாச்சு" என்றான். வெயில் இன்னும் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

பாதி வழியில் ஒரு லாரி கவிழ்ந்து கிடந்தது. கிரேன் வந்து அதை நிமிர்த்தி வழிவிடுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அவன் ஸ்டியரிங்கை விரலால் தட்டிக்கொண்டே இருந்தான். வண்டிகள் நகர்ந்ததும் மெல்ல ஓட்டினான். பின்னால் ஹாரன்கள் அலறின. கொஞ்ச தூரம் போனதும் சக்கரம் சரளையில் இறங்கியது. பிரேக் போட்டு ஓரமாக நிறுத்தினான்.

"வண்டி சூடாயிடுச்சு. இங்கேயே இருந்துட்டு விடிஞ்சதும் போவோம்."

"வண்டி சூடாகல." அவள் அவன் பக்கம் திரும்பினாள். "எப்பலேர்ந்துடா?"

அவன் இன்ஜினை அணைத்தான்.

"நானும் இப்படித்தான் சொல்லிட்டு இருந்தேன். படி வழுக்குச்சு, பல்பு சரியில்ல, தூக்கம் பத்தலன்னு. எங்கிட்டயே கதை விடுறியா? டாக்டர் என்ன சொன்னாரு?"

"உனக்கு என்ன சொன்னாரோ அதேதான்."

"அப்பவேவா?"

"அப்பவேதான். நீ இடிஞ்சு உக்காந்திருந்த. உங்கிட்ட என்னத்தச் சொல்றது?"

அவள் இருட்டில் கையை நீட்டி அவன் தலையைத் தேடினாள். காது அகப்பட்டது. அதைப் பிடித்து முறுக்கினாள், சின்ன வயதில் செய்தது போல. பிறகு அப்படியே பிடித்துக்கொண்டு அழுதாள்.

"பால் வண்டில ஒரு ஆளை இடிக்கப் பாத்தேன்க்கா. மயிரிழைல தப்பிச்சான். அதான் மாறினேன்."

"சாவியைக் கொடுத்துடு. நாளைக்கே."

"கொடுத்துட்டு? அடுப்புல பூனை தூங்கணுமா?"

அவன் பெண்டாட்டிக்கு போன் போட்டு, வண்டி பழுது என்றான். அவள் "பாத்து, பத்திரம்" என்று மட்டும் சொன்னது அக்காவுக்கும் கேட்டது. வேனுக்குள் மெத்தை நுரையின் வாடை அடித்தது. இருவரும் விழித்தபடியே கிடந்தார்கள்.

விடிந்ததும் வீட்டுக்குப் போய்ச் சொன்னார்கள். வாய் நீளக்காரிக்கு அன்று வாயே வரவில்லை. முறத்தை வைத்துக்கொண்டு, புடைத்த அரிசியையே திரும்பத் திரும்பப் புடைத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம்தான் பேசினாள்.

"பாக்குறதுக்கு இன்னும் இருக்குல்ல? வெந்நீர் ஊத்து இருக்கு, உப்பு ஏரி இருக்கு. வாரம் ஒண்ணா பஸ்ல போய்ப் பாத்துடுவோம். நான் கூட்டிட்டுப் போறேன்."

முதல் வாரம் மழை. அடுத்த வாரம் அவளுக்கு ஓவர்டைம். அதற்கடுத்த வாரம் அக்காவுக்குக் காய்ச்சல். அப்புறம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஓவர்டைம் இல்லாமல் வீடு நடக்காது என்று ஆகிவிட்டது.

சாவியை வாங்கிக்கொண்ட முதலாளி, அவனை அதே வேனில் மெத்தை ஏற்றி இறக்கும் ஆளாக வைத்துக்கொண்டார். அதுவே பெரிய மனசு என்று ஊரில் சொன்னார்கள். அடுத்த மழைக்காலம் வந்தபோது அக்காவுக்கு ஜன்னல் இருக்கும் திசை மட்டும் தெரிந்தது. அவனுக்கு இன்னும் நடுவில் கொஞ்சம் மிச்சமிருந்தது.

வெந்நீர் ஊற்றுக்குப் போகிற பஸ் மெத்தைக் கடைக்கு எதிரிலேயே நிற்கும். கண்டக்டர் ஊற்றின் பேரைச் சொல்லிக் கூவிக்கொண்டே இருப்பார். தம்பி மெத்தையின் ஒரு முனையைப் பிடித்தபடி, மறுமுனையில் இருப்பவன் "தூக்கு" என்று சொல்வதற்காகக் காத்து நிற்பான்.