ரசீதில் எழுதாத வரி

"எழுதப் படிக்கத் தெரிஞ்ச பொண்ணுதானே நீ? ஒரு வரி சேர்த்து எழுதினா கை தேஞ்சிடுமா?" என்று வக்கீல் என்னைக் கேட்டார்.

சாலைக்காக அரசு எடுத்துக்கொண்ட எங்கள் நிலத்துக்குக் கூடுதல் இழப்பீடு கேட்டு வழக்குப் போடத்தான் அப்பா என்னை அழைத்துப் போயிருந்தார். பணம் வாங்கிய அன்று ரசீதை நிரப்பியது நான். அப்பா கைநாட்டு வைத்தார். 'தொகை போதாது என்ற ஆட்சேபத்துடன் வாங்குகிறேன்' என்று நான் அதில் எழுதவில்லை.

"இப்ப எழுதிக் குடுத்தா ஆகாதா, சார்?" என்று கேட்டேன்.

"சாப்பிட்டுக் கை கழுவிட்டு உப்பு கம்மின்னா யாரும்மா கேப்பாங்க? ஆட்சேபம் எழுதாம வாங்கினா, தொகைக்கு ஒத்துக்கிட்டதாத்தான் சட்டம் பாக்கும். கேஸ் நிக்காது."

"அன்னைக்குப் பணம் குடுத்த கிளார்க் அவசரப்படுத்தினாருப்பா," என்றேன்.

அப்பா கட்டைவிரலைச் சட்டையில் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.