யாரும் சீந்தாத இரண்டாவது ஆல்பம்

அவள் சோபாவுக்குப் பின்னால் குனிந்து, ஸ்பீக்கர் ஒயரை உதறி உதறிச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் கணவனின் உடல் கிடத்தப்பட்டிருந்தது. மயான வண்டி வருவதற்குள் அவனுக்குப் பிடித்த அந்தப் பாட்டு ஆல்பம் ஒருமுறையாவது முழுசாக ஓடியாக வேண்டும். காலையிலிருந்து நாற்காலிகளை நகர்த்தினாள், கழுவிய தம்ளர்களையே மறுபடி கழுவினாள். உட்கார்ந்தால் உடைந்துபோவோம் என்று அவளுக்குப் பயம்.

"சாவு வீட்ல பாட்டா அண்ணி? நாலு பேர் என்ன சொல்வாங்க?" என்றாள் நாத்தனார்.

"அதைப் பாட்டுன்னு நீ ஒத்துக்கிட்டதே இன்னிக்குத்தான்."

அவன் லிஃப்ட் மெக்கானிக். ஹார்ட்கோர் பங்க் என்கிற காட்டுக்கத்தல் இசை என்றால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். அதில் அவனுக்குப் பிடித்த ஒரு குழுவின் முதல் ஆல்பத்தை ரசிகர்கள் தலையில் வைத்துக் கூத்தாடினார்கள். இரண்டாவதை நாய்கூடச் சீந்தவில்லை. இவனுக்கோ இரண்டாவதுதான் உசிர். வீட்டுக்கு வந்தவர்களைத் தப்ப விடமாட்டான். "இந்த பேஸ் கிட்டாரைக் கேளுங்க. லிஃப்ட் அறுந்து விழற மாதிரி இல்ல?" என்பான். அதற்குப் பிறகு யார் லிஃப்டில் ஏறுவார்கள்? பக்கத்து அறையிலிருந்து அவன் அப்பா சுவரைத் தட்டுவார்: "டேய், உள்ள யாரையோ கொல்றாங்கடா!"

அந்த அப்பா இப்போது மகனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் கேட்கத்தான் அவளுக்கு நா எழவில்லை.

"மாமா... ஒரே ஒரு தடவ போட்டுக்கட்டுமா?"

அவர் நிமிரவே இல்லை. வருவது வரட்டும் என்று அவள் பட்டனை அழுத்தினாள்.

டிரம்ஸ் வெடித்ததில் ஒருவர் கையிலிருந்த டீ சிந்தியது. பாடகன் தொண்டை கிழியக் கத்தினான். நாத்தனார் காதைப் பொத்திக்கொண்டாள். உறவுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பாட்டுக்குப் பாட்டு மூச்சுவிட நேரமில்லை. அவள் ஸ்பீக்கர் மேல் கை வைத்தபடி நின்றாள். அந்த அதிர்வு உள்ளங்கையில் ஏற ஏற, அவன் பக்கத்தில் நிற்பதுபோலவே இருந்தது.

வாசலில் வண்டி வந்து நின்றது. இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். அதே நேரம் கடைசிப் பாட்டு வெடுக்கென்று நின்றது. வீடே அமைதியானது. ஆயிற்று, அவ்வளவுதான். அவள் ஸ்பீக்கரை அணைக்கப் போனாள்.

"கைய எடும்மா," என்றார் மாமனார்.

அவள் திரும்பினாள்.

"இன்னும் பாட்டு முடியல. மூச்சு வாங்கறான். திரும்பக் கத்துவான், பாரு."

ஸ்ட்ரெச்சரோடு உள்ளே வந்தவர்களைக் கைகாட்டி நிறுத்திவிட்டு, அவர் ஸ்பீக்கர் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டார்.