இரண்டு சம்பந்திகளும் ஒன்பதாவது இன்னிங்ஸும்

1

இந்தக் கதையை எழுத எனக்கு விருப்பமே இருக்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் அறைக்குக் கீழே சலவைக் கடை வைத்திருக்கும் கும்-ஓக் அக்கா ஒருநாள் என்னுடைய ஒரே கோட்டைத் தேய்த்துக் கையில் கொடுத்துவிட்டு, "தம்பி, என்னென்னவோ எழுதறே. என் பொண்ணு கல்யாணத்தை எழுதேன்" என்றார்.

"கல்யாணம்தான் நல்லபடியா முடிஞ்சிருச்சே அக்கா. அதுல கதை எங்க இருக்கு?"

"நல்லபடியா முடிஞ்சுதுன்னு உனக்கு யார் சொன்னா?"

நான் அந்தக் கல்யாணத்தில் இருந்தேன். இரண்டு முறை சாப்பிட்டேன். எனக்குத் தெரியாமல் அங்கே என்ன நடந்திருக்க முடியும் என்று யோசித்துக்கொண்டே மாடி ஏறினேன். மேலே போய்ச் சேர்வதற்குள் கதை பிடித்துக்கொண்டது.

2

தொடக்கம் சரியாக வரவில்லை. முதலில் இப்படி எழுதினேன்:

புசான் துறைமுகத்திலிருந்து வீசிய உப்புக் காற்று, அந்தச் சலவைக் கடையின் கண்ணாடிக் கதவை மெல்ல—

நிறுத்திவிட்டேன். எங்கள் ஊரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் உப்புக் காற்றிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். அப்புறம் இப்படி:

பேஸ்பால் என்பது வாழ்க்கையைப் போன்றது. அதிலும்—

அடித்துவிட்டேன். வாழ்க்கை எல்லோருக்கும் ஒன்பது இன்னிங்ஸ் தருவதில்லை. சிலருக்கு மூன்றாவதிலேயே மழை வந்துவிடுகிறது.

இப்போது வைத்திருப்பது இதுதான்: சுறாக்கள் நேற்று ஜெயித்தார்களா தோற்றார்களா என்பதை எங்கள் தெருவில் யாரும் செய்தியில் பார்க்க மாட்டார்கள். கும்-ஓக் அக்காவின் இஸ்திரிப் பெட்டிச் சத்தத்தைக் கேட்டாலே போதும்.

(அணிகளின் பெயரை மாற்றியிருக்கிறேன். எங்கள் அணி சுறாக்கள். மேற்கே குவாங்ஜு ஊரின் அணி காளைகள். உண்மைப் பெயரைப் போட்டால் இரண்டு ஊரிலும் எனக்கு முடிவெட்ட ஆள் கிடைக்காது.)

ஜெயித்த மறுநாள் இஸ்திரிப் பெட்டி பெருமூச்சு விடுவதுபோல் மெதுவாக ஆவி விடும். நம் சட்டையில் விழுந்துபோன பொத்தானை, கேட்காமலே, காசு வாங்காமல் தைத்திருப்பார். தோற்ற மறுநாள் பெட்டி மேஜையில் இறங்குகிற சத்தம் மாடிவரை கேட்கும். அந்த வாரம் தேய்த்த கால்சட்டையின் மடிப்பில் வெள்ளரிக்காய் நறுக்கலாம்.

அவருடைய கணவர் கி-தாக் அண்ணனுக்கு எந்தப் பக்கம் பந்து எறிகிறார்கள் என்பதுகூடத் தெரியாது. ஆனால் காலையில் படியில் என்னைப் பார்த்தால், "நேத்து என்ன ஆச்சு?" என்று தாழ்ந்த குரலில் கேட்டுவிட்டுத்தான் சாப்பிட உள்ளே போவார்.

3

கல்யாணத் தேதியைக் குறித்தது கும்-ஓக் அக்காவேதான். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

மகள் தா-சோம் ஒரு பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். வசந்த காலத்தில் மண்டபம் பார்க்கப் போனபோது அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மட்டும்தான் காலி இருந்தது. அந்த நேரம்தான் இலையுதிர்கால ஆட்டங்கள். பட்டியலில் மேலே இருக்கும் அணிகள் மட்டும் கோப்பைக்காக மோதுகிற பருவம்.

"அம்மா, அக்டோபர். பரவாயில்லையா?" என்று தா-சோம் கேட்டாள்.

"அக்டோபர்ல நம்ம பசங்க என்னிக்குடி ஆடியிருக்கானுங்க? எழுதச் சொல்லு."

அவர் சொன்னதில் தப்பில்லை. மே மாதம் முழுக்கத் தோற்றார்கள். ஜூனில் பட்டியலின் கடைசி இடம். ஒருநாள் ஐந்து ஓட்டம் முன்னிலையில் இருந்து, கடைசி இன்னிங்ஸில் அத்தனையையும் கொட்டிக் கவிழ்த்தார்கள். மறுநாள் அக்கா கடை வண்டியின் பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த சுறா படத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். வால் மட்டும் வரவில்லை.

"இனிமே இவனுங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன், தம்பி."

"சரிக்கா."

"சிரிக்காதே."

அந்த வாரத்தில்தான் இரண்டு குடும்பங்களும் சந்தித்தன. மாப்பிள்ளை சங்-யுன் குவாங்ஜுக்காரன். அப்பா இல்லை, அம்மா பில்-ரே தனியாக ஒரு மீன் வறுவல் கடை நடத்தி அவனை வளர்த்தவர். உணவகத்தின் தனி அறை, வெள்ளை விரிப்பு, எல்லோரும் முழங்கால் மடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். சம்பந்தி வீடும் கக்கூசும் தள்ளி இருந்தால்தான் நல்லது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். குவாங்ஜு போதுமான தூரம்தான். "நீங்க சாப்பிடுங்க சம்பந்தியம்மா", "ஐயோ, முதல்ல நீங்க" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

அப்போது பக்கத்து அறையிலிருந்து வர்ணனையாளர் குரல் கேட்டது. நீளமாக ஒரு பந்து போகிறது... போகிறது... பரிமாறுகிறவர் கதவைச் சாத்திவிட்டார்.

கும்-ஓக் அக்காவின் சாப்பாட்டுக் குச்சிகள் பாதி வழியில் நின்றன. எதிரே பில்-ரே அம்மாவின் குச்சிகளும் அதே உயரத்தில் நின்றிருந்தன.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவரும் முள்ளங்கியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்கள். 

4

ஜூலையில் சுறாக்கள் ஜெயிக்க ஆரம்பித்தார்கள்.

ஏன் என்று கேட்காதீர்கள். இரண்டாம் அணியிலிருந்து ஓர் இடதுகைப் பையனைக் கூட்டிவந்தார்கள். அவன் எறிந்ததை யாராலும் தொட முடியவில்லை. கடைசி இடத்திலிருந்து எட்டாம் இடம், எட்டிலிருந்து ஆறு. கும்-ஓக் அக்கா மட்டும் நம்பவில்லை. தான் படத்தைச் சுரண்டியதால்தான் ஜெயிக்கிறார்கள் என்று அவருக்கு ஓர் எண்ணம். அதனால் புதுப் படம் ஒட்டவும் இல்லை, மீதி வாலை எடுக்கவும் இல்லை. செப்டம்பரில் நான்காம் இடத்துக்கு வந்தார்கள். தெருவே கொண்டாடியது. அக்கா கடையில் உட்கார்ந்து நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா?"

"சும்மா."

அந்தச் சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கல்யாணம். இரண்டு மணிக்குக் குவாங்ஜுவில் ஆட்டம். தோற்கிற அணி வீட்டுக்குப் போகும். எதிரணி காளைகள்.

(இங்கே எனக்கே சந்தேகம் வருகிறது. இவ்வளவு பொருத்தமாக வருமா என்று நீங்கள் கேட்பீர்கள். இதை நான் கற்பனையாக எழுதியிருந்தால் எதிரணியையாவது மாற்றியிருப்பேன்.)

5

இந்த இடத்தில் கதையைத் திருப்ப வேண்டியிருக்கிறது. இதுவரை எழுதியதைப் படித்தால் கும்-ஓக் அக்கா வேடிக்கையான பெண்மணி என்று தோன்றும். தெருவுக்கு அவர் வேடிக்கைதான். வீட்டுக்குள் எப்படி என்று நான் யோசித்ததில்லை.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் தா-சோம் கடைக்கு வந்தாள். நான் துணி வாங்க நின்றிருந்தேன். என்னைப் பற்றிக் கவலைப்படாமல் பேசினாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு உன் போனை அப்பாகிட்ட குடுத்துடு."

"பைத்தியமா எனக்கு? உன் கல்யாணத்துல போன் பாப்பேனா?"

"போன் பாக்காட்டியும் யாராவது வந்து காதுல சொல்லுவாங்க. உன் மூஞ்சி மாறும்."

"மூஞ்சி மாறினா என்னடி?"

"சின்ன வயசுல, ஸ்கூல் டூருக்குப் போகக் கேக்கணும்னா சுறாக்கள் ஜெயிச்ச நாள் வர்ற வரைக்கும் நான் காத்திருப்பேன். ஒரு வருஷம் அது வரவே இல்ல. மத்த பிள்ளைங்க டூர் போயிட்டு வந்துட்டாங்க."

"நீ சொல்லவே இல்லியே."

"எப்படிச் சொல்றது? சுறாக்கள் ஜெயிக்கணும்னு இந்த ஊர்ல உன்னைவிட அதிகமா வேண்டிக்கிட்டது நான்தாம்மா. எனக்கு அந்த ஆட்டம் பிடிக்கவே பிடிக்காது."

கும்-ஓக் அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். ஆவி போய்க்கொண்டே இருந்தது. பிறகு கைப்பேசியை எடுத்து, பின்னறையில் துணி மடித்துக்கொண்டிருந்த கணவரிடம் நீட்டினார்.

"இன்னும் ஒரு வாரம் இருக்கே" என்றார் கி-தாக் அண்ணன்.

"இப்பவே வச்சுக்கோங்க."

அந்த வாரம் முழுக்க இஸ்திரிப் பெட்டியிலிருந்து எந்தச் செய்தியும் வரவில்லை. தெருவில் நாங்கள் செய்தி பார்க்க வேண்டியதாயிற்று.

6

கல்யாணம். நன்றாக நடந்தது என்று ஒரு வரியில் முடித்து—

இல்லை. ஒன்று சொல்ல வேண்டும். கும்-ஓக் அக்கா அன்று யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. யார் முகத்தில் என்ன எழுதியிருக்குமோ என்ற பயம். வாழ்த்துச் சொல்ல வந்தவர்களின் சட்டைக் காலரைப் பார்த்துக் கும்பிட்டார். "நல்லாத் தேச்சிருக்கீங்களே" என்று இரண்டு பேரிடம் சொன்னார். மகள் நடந்து வந்தபோது மட்டும் தலையைத் தூக்கினார். தா-சோம் மேடை ஏறி முடிக்கும்வரை கண்ணை எடுக்கவில்லை.

குவாங்ஜுவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஒரு சுற்றுலாப் பேருந்து நிறைய வந்திருந்தார்கள். தங்கள் ஊர் மைதானத்தில் ஆட்டம் நடக்கும்போது இவ்வளவு தூரம் வந்திருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவர்களுடைய மேஜைகளில் ஆண்களையே காணவில்லை.

பிறகு சின்ன அறையில் புதுமணத் தம்பதி பெரியவர்களை விழுந்து வணங்கும் சடங்கு. முதலில் பில்-ரே அம்மா. இலந்தையும் கஷ்கொட்டையும் வாழ்த்தாக அள்ளி வீசினார், தம்பதி துணியை விரித்துப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்து பெண் வீட்டார். தா-சோம் நெற்றி தரையில் படக் குனிந்தாள். எழும்போது பாரமான உடை தடுத்தது. கும்-ஓக் அக்கா கை கொடுத்தார். அப்போது மகள் காதருகில் சொன்னாள்:

"எட்டாவது இன்னிங்ஸ் முடிஞ்சுது. நாலுக்கு நாலு."

"யாருடி உன்னைக் கேட்டா?"

"போய்ப் பாரும்மா."

"விருந்தாளிங்கல்லாம்..."

"அப்பா இருக்காரு. நீ இன்னிக்கு முழுக்க என்னைப் பாத்தே. எனக்குப் போதும். போ."

மெதுவாகச் சொன்னதாகத்தான் அவள் நினைத்தாள். அறை சிறியது; வாசலில் நின்ற எனக்கே கேட்டது. பில்-ரே அம்மா தட்டில் மிச்சமிருந்த இலந்தையை அடுக்கிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "எங்க பஸ்ல டிவி இருக்கு, சம்பந்தியம்மா" என்றார்.

7

வாகன நிறுத்தத்தில் அந்தப் பேருந்து. இரண்டு பெண்களும் பட்டுப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏற, நான் பின்னால் ஏறினேன். உள்ளே காணாமல் போன ஆண்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் சத்தம் நின்றது. ஓட்டுநர்தான் முதலில் வாய் திறந்தார்.

"புசான் அம்மா, இது குவாங்ஜு வண்டி. டிக்கெட் இருக்கா?"

"பொண்ணையே குடுத்திருக்கேன். இன்னும் என்னய்யா டிக்கெட்?"

சிரிப்பில் முன்னிருக்கை காலியாயிற்று. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சின்னத் திரையில் அந்த இடதுகைப் பையன் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"பாவம், களைச்சுப் போயிருக்கான்" என்றார் பில்-ரே அம்மா.

"அவனுக்கு ஒண்ணும் இல்ல. நீங்க உங்க ஆளைப் பாருங்க" என்றார் கும்-ஓக் அக்கா. பிறகு நினைவு வந்து, "சம்பந்தியம்மா" என்று சேர்த்துக்கொண்டார்.

அப்புறம் என் பக்கம் திரும்பினார். "தம்பி, எல்லாரும் வெறும் வாயோட உக்காந்திருக்காங்க. மேல போய் ஏதாவது கொண்டு வா."

கல்யாண வீட்டில் பெண்ணின் அம்மா சொன்னால் போகத்தான் வேண்டும். நான் போனேன்.

8

அரிசிக் கேக்குத் தட்டோடு திரும்பி வந்தபோது ஆண்கள் எல்லோரும் பேருந்துக்கு வெளியே நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. தோற்றவர்கள் அப்படி நிற்பார்கள். ஜெயித்துவிட்டு, சம்பந்தி வீட்டு மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டவர்களும் அப்படித்தான் நிற்பார்கள்.

"உள்ள போகாதீங்க. கொஞ்ச நேரம் ஆகட்டும்" என்றார் ஓட்டுநர்.

நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். சத்தமில்லாமல், மூக்கைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் சிரித்துக்கொண்டும். அவள் காலணியைக் கழற்றியிருந்தாள். அன்று காலையிலிருந்து நின்ற கால், வீங்கியிருந்தது. மற்றவள் அந்தக் காலைத் தன் பட்டு மடியில் தூக்கி வைத்து, கட்டைவிரலால் உள்ளங்காலை அழுத்திவிட்டுக்கொண்டிருந்தாள். ஏதோ பேசினாள். கண்ணாடி வழியே கேட்கவில்லை.

எங்கள் வழக்கப்படி பெண்ணின் அம்மா இளஞ்சிவப்பும், மாப்பிள்ளையின் அம்மா நீலமும் உடுத்துவார்கள். ஆகவே அழுதது யார் என்று எனக்குத் தெரியும்.

இப்போது என் சிக்கல். இதை எழுதுகிறேன் என்று தெரிந்ததும் கும்-ஓக் அக்கா, "சுறாக்கள் ஜெயிச்சாங்கன்னு எழுது" என்றார். அடுத்த நாள் குவாங்ஜுவிலிருந்து தொலைபேசி. "காளைகள் ஜெயிச்சதா எழுதுங்க, எழுத்தாளர் சார்." இருவரில் ஒருவர் உண்மையை எழுதச் சொல்கிறார். இருவருமே இதைப் படிக்கப் போகிறார்கள். தா-சோமின் குழந்தைக்கு முதல் பிறந்தநாள் வருகிறது. ஒரே மேஜையில் நான் இருவருக்கும் நடுவில் உட்கார வேண்டும்.

ஒரு முடிவு: மடியில் கால் வைத்தவள் இளஞ்சிவப்பு. இன்னொன்று: நீலம். மூன்றாவது ஒன்றும் எழுதிப் பார்த்தேன். மழை வந்து ஆட்டம் நின்று— வேண்டாம். அன்று நல்ல வெயில்.

நடந்ததை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். தா-சோம் சாதாரண உடைக்கு மாறி, கணவனோடு இறங்கி வந்தாள்.

"அண்ணே, யாரு ஜெயிச்சா?"

நான் ஜன்னலைக் காட்டினேன். அவள் கிட்டே போய், நுனிக்காலில் நின்று பார்த்தாள். கண்ணாடியைத் தட்டக் கையைத் தூக்கி, தட்டாமல் இறக்கிக்கொண்டாள். திரும்பி வந்து நடைபாதை ஓரத்தில் தன் கணவன் பக்கத்தில் உட்கார்ந்து, என் தட்டிலிருந்து ஓர் அரிசிக் கேக்கை எடுத்துப் பாதியாகப் பிட்டு அவனுக்குக் கொடுத்தாள்.

"யாராம்?" என்று சங்-யுன் கேட்டான்.

"நீயே போய்ப் பாரு" என்றாள் தா-சோம்.

அவன் எழுந்து போனான். நீங்களும் போய்ப் பாருங்கள். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு இங்கேயே நிற்கிறேன்.