யாரிடம் சொன்னான்

தம்பியின் விறைத்த கையைச் சட்டைக்குள் நுழைக்க அக்கா போராடிக்கொண்டிருந்தபோது மாதா கோயில் செயலாளர் உள்ளே வந்தார். வழக்குப் போட்ட நாளிலிருந்து இந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். கையில் ஒரு மாலைகூட இல்லை.

தம்பி எலக்ட்ரீஷியன். ஊருக்கெல்லாம் விளக்குப் போட்டவன், தன் அறை விளக்கை அணைத்தால் தூங்கமாட்டான். குடித்துக் குடித்து ஈரல் கெட்டு, நேற்று ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினான். சிறுவயதில் அவனைச் சீரழித்த பங்குச் சாமியார் எப்போதோ செத்துப்போனதால் போலீஸ் கைவிரித்துவிட்டது. புகார் வரும்போதெல்லாம் அந்த ஆளை ஊர் மாற்றிக் காப்பாற்றிய பிஷப்பின் மறைமாவட்டத்தின் மேல் தம்பி சிவில் வழக்குப் போட்டான். அவர்கள் வாய்தா மேல் வாய்தா வாங்கினார்கள். கடவுளின் ஆட்களுக்குப் பொறுமை அதிகம்.

செயலாளர் அம்மாவின் பக்கத்தில் குனிந்தார். "கோயில் கல்லறையில அப்பா பக்கத்துலயே குழி வெட்டச் சொல்லியிருக்கோம்மா. இப்ப இருக்கிற சாமியே வந்து பூசை வைப்பாரு. அந்த வழக்கையும் இவனோடவே அடக்கம் பண்ணிட்டா எல்லாருக்கும் நிம்மதி. ஒரு கையெழுத்து போதும்."

எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று வந்திருக்கிறார். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தம்பியின் வக்கீலம்மா காலையிலிருந்தே மூலையில் உட்கார்ந்திருந்தார். இப்போது வாயைத் திறந்தார். "கையெழுத்தே வேண்டாம் சார். அம்மா சும்மா இருந்தாலே வழக்கு தானா செத்துடும்." பிறகு அம்மாவிடம் திரும்பினார். "அவருக்குப் பொண்டாட்டி பிள்ளை கிடையாது. சட்டப்படி வாரிசு நீங்கதான்மா. அவர் இடத்துல நீங்க நின்னாதான் வழக்கு நடக்கும்."

போயும் போயும் அம்மாவா. பெற்ற பிள்ளை கோயிலைச் சந்திக்கு இழுத்துவிட்டான் என்று அவனோடு பேச்சையே நிறுத்தியவள் அவள்.

"நின்னா ஜெயிக்குமா?" என்றாள் அம்மா.

"கஷ்டம்தான். 'உண்மையா நடந்திருந்தா அப்பவே யார்கிட்டயாவது சொல்லியிருப்பானே'ன்னு அவங்க அதையே பிடிச்சுத் தொங்குறாங்க. நானும் துருவித் துருவிக் கேட்டேன். யார்கிட்டயும் சொல்லலைன்னே சாதிச்சிட்டாரு."

அம்மா மகனின் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னான்."

"யார்கிட்டம்மா?"

"என்கிட்டதான். பூசைக்கு உதவி செய்யப் போகமாட்டேன்னு அழுதான். சாமி என்ன பண்ணாருன்னும் சொன்னான். சாமியையா அப்படிப் பேசுறேன்னு விறகுக்கட்டையால அடிச்சேன். அப்புறம் நானே இழுத்துட்டுப் போய் அவர் கால்ல விழ வச்சேன்."

அந்த அடி அக்காவுக்குத் தெரியும். பூசைக்கு டிமிக்கி கொடுத்து வாங்கின அடி என்று வீட்டில் காலமெல்லாம் சொல்லிச் சிரித்த கதை அது. தம்பியும் கூடச் சிரித்திருக்கிறான். கோர்ட்டில் அத்தனை பேர் முன்னால் அவனைப் பொய்யன் என்றபோதும், அம்மாவைக் கூண்டில் ஏற்றக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறான்.

"துக்கத்துல ஏதேதோ பேசுறீங்க," என்றார் செயலாளர். "அந்தக் குழி விஷயம்..."

"மூடச் சொல்லுங்க," என்றாள் அம்மா. " பொது இடுகாட்டுல இடம் இல்லாமலா போயிடும்."

வக்கீலம்மா மெதுவாகச் சொன்னார். "கோர்ட்ல இதெல்லாம் சொல்லணும்மா. அடிச்சதையும் சொல்லணும்."

"சொல்றேன்."

செயலாளர் போய்விட்டார். அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டிய நேரம்தான். ஆனால் அக்கா கிட்டப் போகவில்லை. இந்த ஒரு சொல்லுக்கு அவன் சாக வேண்டியிருந்தது. தம்பியின் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டு முடித்துவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

தண்ணீர் கொண்டுவந்து முதல் டம்ளரை வக்கீலம்மா கையில் கொடுத்தாள். அடுத்ததற்கு அம்மா கை நீட்டினாள். அக்கா அதைத் தரையில், அம்மாவுக்கு எட்டும் தூரத்தில் வைத்துவிட்டு, தம்பியின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள்.